ஃபார்ம் 940, ஷெட்யூல் ஏ: தாள் நல்ல தாள், வரும் நேரம்தான் சரியில்லை

அமெரிக்காவில் ஃபூட்டா என்ற மத்திய வேலையின்மை வரிக்கு முதலாளிகள் ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் படிவம் ஃபார்ம் 940; அதன் இணைப்புத் தாள் ஷெட்யூல் ஏ. கலிஃபோர்னியாவில் ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர்கள் ஜனவரியில் தடுமாறுவது இந்த ஒரு தாளில்தான். வேலையின்மை உதவித்தொகைக்காக மாநிலம் மத்திய அரசிடம் வாங்கிய கடன் அடுத்தடுத்த இரண்டு ஜனவரி 1-இல் நிலுவையில் இருந்து, இரண்டாம் ஆண்டு நவம்பர் 10-க்குள்ளும் அடையவில்லையா? முதலாளிக்குக் கிடைக்கும் 5.4% ஃபூட்டா கழிவில் 0.3% போய்விடும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு இன்னொரு 0.3%. கலிஃபோர்னியாவுக்கு 2022-இல் 0.3, 2023-இல் 0.6, 2024-இல் 0.9.

தலைக்கு முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு மட்டுமே இந்த வரி. வழக்கமாக 42 டாலர். 2024-இல் 63 கூடி 105.

நிரப்புவது எளிது. ஃபார்ம் 940-இன் லைன் 2-இல் டிக். ஷெட்யூலில் மாநிலத்தின் கட்டத்தில் டிக், சம்பளத் தொகை, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விகிதத்தால் பெருக்கல், கூட்டுத்தொகை லைன் 11-க்கு. இதில் முழுச் சம்பளத்தையும் போட்டுவிடுகிறார்கள். 7,000-க்கு மேல் ஒரு டாலரும் வரக்கூடாது. மாநில வேலையின்மை வரியிலிருந்து விலக்குப் பெற்ற சம்பளமும் இந்தக் கட்டத்தில் சேராது. லைன் 11 தொகையை நான்காம் காலாண்டில், லைன் 16டி-யில் சேர்க்க மறந்தால் காலாண்டுகளின் கூட்டுத்தொகையான லைன் 17-உம் ஆண்டின் மொத்த வரியான லைன் 12-உம் ஒத்துப்போகாது.

உண்மையான குறை நேரம். நவம்பர் 10 கழியாமல், கழிவு குறையும் மாநிலங்களின் பட்டியல் உறுதியாகாது. அதுவரை சம்பளக் கணக்கு மென்பொருள் வழக்கமான 0.6% என்றே ஒதுக்கிக்கொண்டிருக்கும். கூடுதல் தொகை மொத்தமும் ஜனவரி 31-இல் கட்ட வேண்டும். 2024 விகிதத்தில் முப்பது பேர் என்றால் 1,890 டாலர். எல்லா டெபாசிட்டையும் உரிய நாளில் கட்டியவர்களுக்குப் படிவம் தர பிப்ரவரி 10 வரை அவகாசம் உண்டு, பணத்துக்கு இல்லை. ஊழியர் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே தலைக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைப்பதுதான் வழி.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. ஆட்குறைப்பே செய்யாதவருக்கும் அடிக்கடி செய்பவருக்கும் ஒரே விகிதம். பத்து இடங்களுக்கு ஓராண்டில் நாற்பது பேர் வந்துபோய், ஒவ்வொருவரும் 7,000 தாண்டினால், அதே விகிதத்தில் 630 டாலராக இருக்க வேண்டிய கூடுதல் தொகை 2,520 ஆகிவிடும். ஆள் நிலைக்காத உணவகங்களுக்கு இது பெரிய அடி.

இத்தனை கட்டியும் குறைவது அசல் மட்டும். வட்டியை மாநிலம் வேலையின்மை வரி நிதியிலிருந்து கட்டக்கூடாது. அதற்காக நியூயார்க் முதலாளிகளுக்குத் தனி வட்டிக் கட்டணம் விதித்தது. அந்த பில்லுக்கு இந்தத் தாளில் இடமே இருக்கவில்லை. அதைத் தனியே மாநிலத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது.