விங்ஸ் (1927) ப்ளூரே: ரெண்டு நண்பர்கள், ஒரு லாக்கெட், நிஜமான வானம்

போர்ப்படத்துல நட்பும் காதலும் கலந்து வந்தாலே முக்கால்வாசி நேரம் ஒரு ஃபார்முலாதான், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், ஒரு பொண்ணு, ஒருத்தன் சாவான், இன்னொருத்தன் அழுதுட்டே ஊருக்குத் திரும்புவான். 2001-ல வந்த பேர்ல் ஹார்பர் வரைக்கும் இதேதான் ஓடிட்டு இருக்கு. ஆனா இந்த ஃபார்முலாவ இவ்ளோ பெருசா, இவ்ளோ உண்மையா 1927-லயே ஒரு ஊமைப்படம் எடுத்து முடிச்சிருச்சு, அதுக்கப்புறம் வந்த எதுவும் அந்த கடைசி அரை மணி நேரத்த தாண்டலங்கறது என் கருத்து. நம்ம தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சதே 1931 காளிதாஸ்லதான், அதுக்கும் நாலு வருஷம் முன்னாடி வந்த படம் இதுன்னு மனசுல வெச்சுக்கிட்டு பாருங்க.

முதல் ஆஸ்கர் விழா 1929 மே மாசம் நடந்தப்போ சிறந்த படம்னு விருது வாங்கினது இதுதான், அதனால பேர் மட்டும் நிறைய பேருக்கு தெரியும், உக்காந்து முழுசா பாத்தவங்க கம்மி. 144 நிமிஷம், வசனமே கிடையாது, நடுநடுவுல இங்கிலீஷ் எழுத்து அட்டைதான், அதுவும் சின்னச் சின்ன வரிங்க, பள்ளிக்கூட இங்கிலீஷ் போதும்.

கதைய கொஞ்சம் சொல்லியே ஆகணும், முடிவும் வரும், வேணாம்னா அடுத்த ரெண்டு மூணு பத்திய தாண்டிருங்க. முதல் உலகப்போர் சமயம், அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர். ஜாக் நடுத்தர வீட்டுப் பையன், டேவிட் அந்த ஊர்லயே பெரிய பணக்கார வீட்டுப் பையன், ரெண்டு பேருக்கும் சில்வியா மேல காதல். சில்வியாவுக்கு புடிச்சது டேவிட்ட. பக்கத்து வீட்டு மேரி ஜாக்குக்காக உயிர விடுறா, அவன் அவள திரும்பிக்கூட பாக்கறதில்ல. போருக்கு கிளம்பற அன்னிக்கு சில்வியா டேவிட்டுக்குன்னு தன்னோட ஃபோட்டோ வெச்ச ஒரு லாக்கெட் ரெடி பண்ணி வெச்சிருக்கா, விடைபெற வந்த ஜாக் அது தனக்குத்தான்னு நெனச்சு சந்தோஷமா எடுத்துட்டு போயிடறான், போருக்கு போற பையன் மனச உடைக்க அவளுக்கு வாய் வரல. இந்த ஒரு லாக்கெட்தான் மொத்தப் படத்தையும் இழுத்துட்டு போகுது.

ட்ரெயினிங்ல ரெண்டு பேரும் பாக்ஸிங் போடுவாங்க, ஜாக் வெளுத்து வாங்கறான், டேவிட் ரத்தம் வழிய வழிய திரும்பத் திரும்ப எந்திரிச்சு நிக்கறான், அந்த இடத்துலதான் பகை போய் நட்பு ஆகுது. அதுக்கப்புறம் பிரான்ஸ்ல ஒண்ணா பறக்கறாங்க, ஒண்ணா தங்கறாங்க, லாக்கெட் ரகசியம் டேவிட்டுக்கு தெரியும், ஜாக்குக்கு தெரியாது, நண்பன் நம்பிட்டு இருக்கட்டும்னு இவன் வாயே திறக்கறதில்ல. ஒரு நாள் அந்த ஃபோட்டோ லாக்கெட்ல இருந்து கீழ விழுது, அதுக்குப் பின்னாடி சில்வியா டேவிட்டுக்கு எழுதினது இருக்கு. ஜாக் படிச்சுடக் கூடாதுன்னு டேவிட் அத எடுத்து கிழிச்சுடறான். ஜாக்குக்கு வர்ற கோவம் இருக்கே! தன் காதலிய கேவலப்படுத்திட்டான்னு நெனைக்கறான், சண்ட போட்டு முகம் கொடுக்காமலே ரெண்டு பேரும் ஃப்ளைட் ஏறறாங்க, டேவிட் எதிரி பக்கம் விழுந்துடறான். செத்துட்டான்னு நெனச்சு ஜாக் வெறி புடிச்ச மாதிரி ஜெர்மன் விமானங்கள வேட்டையாடறான், அங்க டேவிட் உயிரோட தப்பிச்சு ஒரு ஜெர்மன் விமானத்தையே திருடிட்டு நம்ம பக்கம் பறந்து வரான். வானத்துல ஜாக் கண்ணுக்கு தெரியறது எதிரி விமானம் மட்டும்தான்.

ஜாக் அத சுட்டுத் தள்ளிட்டு, வெற்றிக்கு ஞாபகமா விமானத்துல இருக்கற சிலுவை சின்னத்த வெட்டி எடுத்துக்கலாம்னு தரையிறங்கி வரான். வந்து பாத்தா, அந்த விமானம் மோதி விழுந்த வீட்டுக்குள்ள டேவிட். டேவிட் அவன் மேல கோவப்படல, தேத்தறான், சாகறவன் கொன்னவன தேத்தறான்! ஜாக் அவன இறுக்கி புடிச்சுக்கிட்டு முத்தம் கொடுக்கறான், உன் நட்ப விட எனக்கு உலகத்துல எதுவும் பெருசில்லன்னு சொல்றான், டேவிட் உயிர் போறத நேரா காட்டாம சுத்திட்டு இருந்த ப்ரொப்பெல்லர் மெதுவா நிக்கறத காட்டறாங்க. காதலுக்காக அடிச்சுக்கிட்ட படம் முழுக்க எந்த பொண்ணு கிட்டயும் ஜாக் இவ்ளோ மனசு விட்டு பேசினதே கிடையாது. இந்தப் படத்தோட நிஜமான காதல் கதை இதுதான்னு நான் முழுசா நம்பறேன், எடுத்தவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா இந்த சீனுக்கு இவ்ளோ நேரமும் பொறுமையும் கொடுத்திருக்க மாட்டாங்க.

அடுத்தது ஆகாயச் சண்ட. டைரக்டர் வில்லியம் வெல்மேன் முதல் உலகப்போர்ல பிரான்ஸுக்காக நிஜமாவே ஃபைட்டர் விமானம் ஓட்டினவர், கதை எழுதின ஜான் மாங்க் சாண்டர்ஸும் அந்தப் போர் காலத்துல பறக்கக் கத்துக் கொடுத்தவர். அதனால செட்டுல உக்கார வெச்சு பின்னாடி திரைய ஓட்டற வேலையே வேணாம்னு, டெக்ஸாஸ்ல சான் அன்டோனியோ பக்கத்துல ராணுவத்தோட உதவியோட எடுத்தாங்க. விமானத்துல ஹீரோ முகத்துக்கு நேரா கேமராவ பூட்டிட்டு, நடிகனே மேல போய் அவனே கேமராவ ஆன் பண்ணி நடிக்கணும். டேவிட்டா நடிச்ச ரிச்சர்ட் ஆர்லனுக்கு ஏற்கனவே பறந்த அனுபவம் உண்டு, ஜாக்கா நடிச்ச பட்டி ராஜர்ஸ் இந்தப் படத்துக்காகவே கத்துக்கிட்டார். அதனால அந்த க்ளோசப்ல காத்து முகத்துல அடிக்கறதும், பின்னாடி பூமி சாயறதும் எல்லாமே நிஜம். ஸ்டண்ட் பண்ணின டிக் கிரேஸ் ஒரு க்ராஷ்ல கழுத்து எலும்ப ஒடச்சுக்கிட்டார், அதையும் தெரிஞ்சுக்கிட்டு பாருங்க.

வெல்மேன் பண்ணின இன்னொரு காரியம் எனக்கு ரொம்ப புடிச்சது, மேகம் இல்லாம ஷூட்டிங் பண்ண மாட்டேன்னு அடம் புடிச்சு காத்திருந்தார், ஸ்டுடியோ எவ்ளோ நெருக்கியும் அசையல. வெறும் நீல வானத்துல விமானம் பறந்தா வேகமும் தெரியாது, தூரமும் தெரியாது, பின்னாடி வெள்ளையா மேகக்கூட்டம் நின்னாதான் அந்த சின்ன விமானம் எவ்ளோ வேகமா விழுதுன்னு கண்ணுக்கு புரியும். தரைல நடக்கற செயின்ட் மிஹியேல் போரும் பிரமாதம், 1918 செப்டம்பர்ல நிஜமா நடந்தது அது, ஆயிரக்கணக்கான நிஜ சிப்பாய்ங்கள வெச்சு பதுங்கு குழியெல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க.

பின்னாடி பெரிய ஹாலிவுட் ஸ்டார் ஆன கேரி கூப்பர் இதுல ஒரு பைலட்டா ரெண்டு மூணு நிமிஷம்தான் வருவார், சாக்லேட்ட ஒரு கடி கடிச்சு வெச்சுட்டு பறக்கப் போவார், திரும்பி வர மாட்டார். அந்த மிச்ச சாக்லேட் அங்கயே கிடக்கும். எந்த போர்ப்படமும் பைலட்டோட ஆயுசு எவ்ளோன்னு இத விட சுருக்கமா சொன்னதில்ல.

குறைன்னா காதல் பகுதிதான். மேரியா வர்ற க்ளாரா போ அப்போ பெரிய ஸ்டார், டைட்டில்ல முதல் பேரே அவங்களோடதுதான், ஆனா கதை அந்தப் பொண்ணுக்கு அநியாயம் பண்ணுது. ஆம்புலன்ஸ் ஓட்டிக்கிட்டு பிரான்ஸ் வரைக்கும் வரா, பாரிஸ்ல குடிச்சு நினைவில்லாம இருக்கற ஜாக்க காப்பாத்தப் போய் அவமானப்பட்டு வேலையும் போய் ஊருக்கு அனுப்பிடறாங்க, அவனுக்கு அது தெரியவே தெரியாது. ஷாம்பெய்ன் குமிழியா பறக்கற அந்த பாரிஸ் சீன் ரொம்ப நீளம், மேஜை மேஜையா கேமரா நடுவுல பூந்து போற அந்த முதல் ஷாட் மட்டும் மறக்க முடியாது, மத்தத பாதியா வெட்டியிருக்கலாம். ஹெர்மன்னு வர்ற காமெடி கேரக்டரும் இப்போ சிரிப்பு வரல. ஊருக்கு திரும்பின ஜாக்குக்கு மேரி கிடைக்கறது கதைய முடிக்கணுமேன்னு வெச்ச மாதிரி இருக்கு. அதுக்கு முன்னாடி டேவிட்டோட அம்மா அப்பாவ ஜாக் போய் பாக்கற சீன் இருக்கே, அதுதான் என்னப் பொறுத்தவரைக்கும் படத்தோட முடிவு. அந்த அம்மா முகத்த பாருங்க, மன்னிக்கறதுக்கு அவங்க படற பாடு அத்தனையும் அதுல இருக்கு.

இப்போ டிஸ்க் பத்தி. நெட்ல மங்கலா கீறலா நிறைய காப்பி கிடக்கு, அத பாத்துட்டு ஊமைப்படம்னா இப்படித்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. பாரமௌண்ட் தன்னோட நூற்றாண்டுக்காக 2012-ல ரெஸ்டோர் பண்ணி போட்ட ப்ளூரேதான் வாங்க வேண்டியது. 1927-ல தியேட்டர்ல துப்பாக்கி சுடற நெருப்பும், எரியற விமானமும் மட்டும் ஆரஞ்சு கலர்ல வரும், அந்த கலரையும் திரும்ப கொண்டு வந்திருக்காங்க, கறுப்பு வெள்ளைக்கு நடுவுல சட்டுனு ஒரு ஜ்வாலை தெரியறப்போ தூக்கி வாரிப் போடுது. ஆடியோ ரெண்டு இருக்கு. ஒண்ணு ஜே. எஸ். ஜமெக்னிக் அப்போ போட்ட இசைய புதுசா ஆர்கெஸ்ட்ரா வெச்சு வாசிச்சது, அதுல ஸ்டார் வார்ஸ் புகழ் பென் பர்ட் விமானச் சத்தம், குண்டுச் சத்தம் சேர்த்திருக்கார். இன்னொண்ணு கேலார்ட் கார்ட்டர் வாசிச்ச பைப் ஆர்கன். ஊமைப்படத்துக்கு எதுக்கு சவுண்ட் எஃபெக்ட்னு சிலர் கோவப்படுவாங்க, ஆனா முதல் தடவ பாக்கறவங்களுக்கு நான் ஆர்கெஸ்ட்ராதான் சொல்லுவேன், இஞ்சின் சத்தம் இருந்தாதான் அந்த ப்ரொப்பெல்லர் நிக்கறப்போ வர்ற அமைதி உறைக்கும். ரெஸ்டோரேஷன் எப்படி பண்ணினாங்கங்கற சின்ன டாக்குமெண்டரியும் உள்ள இருக்கு, படம் முடிஞ்சப்புறம் பாருங்க.

ஃபோன்ல மட்டும் பாக்காதீங்க, ப்ளீஸ். வீட்டுல இருக்கற பெரிய டிவில, லைட்ட அணைச்சுட்டு, முடிஞ்சா கூடப் படிச்ச ஃப்ரெண்ட் யாரயாவது கூட்டி வெச்சுக்கிட்டு பாருங்க. முதல் அரை மணி நேரம் மெதுவா போகும், கேரி கூப்பர் சாக்லேட் கடிக்கற வரைக்கும் பொறுங்க, அதுக்கப்புறம் எந்திரிக்க மாட்டீங்க.