ஸ்டான்லி கிப்பன்ஸ் கலர் கீ: வடசென்னையில் வைத்துப் பார்த்தால்

கலர் கீ என்பது தபால்தலையின் வண்ணத்தை ஒப்பிட்டுப் பெயர் சொல்ல உதவும் வண்ண அட்டை. லண்டன் நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் தபால்தலைக் கேட்லாக்கை வைத்துப் பழைய தபால்தலை சேர்ப்பவர்கள் வாங்கியே ஆக வேண்டிய பொருள் இது. மொத்தம் 200 வண்ணங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் கேட்லாக்கில் வரும் அதே பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர்தான் இதன் பலம். ஜெர்மனியின் மிஷெல் கேட்லாக்குக்கும் தனி வண்ணக் கையேடு இருக்கிறது. ஆனால் அதன் பெயர்கள் ஜெர்மன் மரபு. அதை வைத்துக்கொண்டு கிப்பன்ஸ் பட்டியலில் ஷேடு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். பெயிண்ட் கடை ஷேடு கார்டு எதற்கும் உதவாது.

வாங்கியதும் முதலில் பழக வேண்டியது பெயர் வைக்கும் முறை. இரட்டைப் பெயரில் பின்னால் வருவதே முதன்மை வண்ணம். ஆரஞ்சு-ரெட் என்றால் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. ரெட்-ஆரஞ்சு என்றால் சிவப்பு தூக்கலான ஆரஞ்சு. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, 'அபூர்வ ஷேடு' என்று காசைக் கொட்டுபவர்கள் உண்டு.

200 வண்ணம் போதுமா? சாதாரணத் தேவைக்குப் போதும். நுணுக்கமான இடத்தில் போதாது. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய 3 பை (பழைய காசு) தபால்தலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளிர் கிரே, கிரே, ஸ்லேட்-கிரே, பிளாக்கிஷ் வயலட் என்று அடுத்தடுத்து வரும் ஷேடுகள். கீயில் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழும் தலைகளே அதிகம். அந்த இடத்தில் கீயைவிட, முத்திரைத் தேதி தெளிவாகத் தெரியும் பத்துப் பதினைந்து யூஸ்டு (தபாலில் பயன்பட்ட) தலைகளை வரிசையாக ஒட்டிய ஒரு பக்கம் மேல். மலிவான தலைதான், ஒவ்வொருவரும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

இனி வெளிச்சம். எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் கடைக்குள் பார்த்த வண்ணத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்ப்பார்கள். அதே காரணம்தான் இங்கேயும். கீயில் இருப்பது இந்தக் காலத்து மை, தலையில் இருப்பது நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மை. டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் பிரிந்துவிடும். நேர்வெயில் விழாது என்பதால் ஆங்கிலேயக் கையேடுகள் வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்க்கச் சொல்லும். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாய்ந்தே விழும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் சரி. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் இன்னொரு தொல்லை: எதிர்வீட்டுச் சுவர் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்தச் சாயம் ஜன்னல் வழியாகத் தபால்தலைமேலும் விழும். காலை 10 மணிக்கு மேல், 3 மணிக்குள், மொட்டைமாடியில் படிக்கட்டு அறையின் நிழலில் உட்கார்ந்து பாருங்கள். நேர்வெயில் கூடாது. இரவில் பார்த்தே தீர வேண்டுமென்றால் 5000 முதல் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு), சிஆர்ஐ (வண்ணத்தை உள்ளபடி காட்டும் திறன்) 95க்குக் குறையாத பல்பு வேண்டும்.

ஒப்பிடும்போது கீயைத் தபால்தலைமேல் அப்படியே வைத்தால் கண் ஏமாறும். கறுப்பு அட்டையில் 5 மில்லிமீட்டர் அளவில் பக்கத்துப் பக்கம் இரண்டு துளை போடுங்கள். ஒன்றில் தலை, மற்றதில் கீயின் கட்டம். தலையில் மை அடர்த்தியாகப் படிந்த இடம் மட்டும் தெரிய வேண்டும். மெல்லிய கோடுகள் உள்ள இடத்தில் காகிதத்தின் வெண்மை கலந்து ஒரு படி வெளிறித் தெரியும். தேய்ந்த அச்சுப் பிளேட்டில் அச்சான தலைகளை 'பேல்' (வெளிர்) ஷேடு என்று தப்பாக எடுப்பது இதனால்தான். முத்திரை மை பட்ட இடத்தையும் தவிருங்கள். முதலில் எந்த வண்ணக் குடும்பம் என்று முடிவு செய்து, அப்புறம் அடர்த்தி, கடைசியாகப் பளிச்சா மங்கலா என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்தால் கண் களைத்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கீ பதில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு: இப்போது தெரியும் வண்ணம் அச்சான நாளில் இருந்த வண்ணம்தானா? வடசென்னையில் இதை மறக்கவே கூடாது.

1865இல் யானைத்தலை வாட்டர்மார்க்குடன் (காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறி) வந்த இந்திய 2 அணா தலையில் மஞ்சள், ஆரஞ்சு, பிரவுன்-ஆரஞ்சு என்று கேட்லாக் பிரிக்கிறது. கீயை வைத்தால் ஒரு தலை பிரவுன்-ஆரஞ்சில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு மைகளில் ஈயச் சேர்மம் சாதாரணம். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் ஈயம் கறுத்த சல்பைடாக மாறும், ஆரஞ்சு பழுப்பாகிவிடும். கொருக்குப்பேட்டையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருப்பவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றமும் தெரியும், வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுப்பதும் தெரியும். கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வாயுதான் தலையையும் கெடுக்கிறது. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கறுமை மேலாகத் திட்டுத்திட்டாக, ஓரங்களில் கூடுதலாகப் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். இயல்பான ஷேடு எங்கும் ஒரே சீராக இருக்கும்.

உறுதி செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். மெல்லிய பிரஷ்ஷால் ஒரு மூலையில் மட்டும் தொட்டு இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். பழுப்பு விலகி ஆரஞ்சு எட்டிப் பார்த்தால் அது கெட்டுப்போன ஆரஞ்சுதான். கறுத்த சல்பைடு வெள்ளைச் சல்பேட்டாக மாறுவதால் வரும் மாற்றம் இது. உடனே சுத்தமான தண்ணீரில் அலசி, பிளாட்டிங் பேப்பர் நடுவில் உலர்த்துங்கள். பசை உள்ள மின்ட் (பயன்படாத) தலையில் இதைச் செய்யவே கூடாது. தண்ணீர் பட்டால் கரையும் மை உள்ள தலைகளிலும் கூடாது. பிரிட்டனின் 1883 வரிசைப் பச்சைகள் ஈரம் பட்டாலே நிறம் மாறிவிடும்.

கூடவே ஒரு 365 நானோமீட்டர் யுவி டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். கள்ளநோட்டு பார்க்க என்று விற்கும் மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395. அவற்றின் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். விக்டோரியா காலத்துத் தலையின் காகிதம் 365இல் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், அது பின்னாளில் காகிதம் ஒட்டிப் பழுது பார்த்ததாகவோ போலியாகவோ இருக்கலாம். அப்புறம் ஷேடு பற்றிப் பேச வேண்டியதில்லை.

ஆக, கீ வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் பெரிய விலை கொடுக்காதீர்கள். விலை உயர்ந்த ஷேடு என்றால் லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டி போன்ற நிபுணர் குழுவின் சான்றிதழோடு வாங்குவதே முறை.

கீயையும் தலைகளையும் வெளிச்சம் படாமல் வையுங்கள். கீயின் மையும் வெளுக்கும். காசிமேட்டுப் பக்கம் கடல்காற்றின் ஈரத்துக்கு மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நீலம் ரோஸானதும் மாற்றுங்கள். ஸ்டாக் புக்கை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள்: ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது.