எஸ்பிளனேட் இசையரங்கில் வீணையும் சிம்பொனியும்: எந்த இருக்கையில் என்ன கேட்கும்?

முன்னால் ஒரு வீணை அல்லது புல்லாங்குழல், பக்கத்தில் மிருதங்கம், சில நாள் சீனத்து இரு தந்தி வாத்தியமான எர்ஹூ, சில நாள் ஜப்பானிய மூங்கில் குழலான சாகுஹாச்சி. பின்னால் ஐம்பது அறுபது பேர் கொண்ட மேற்கத்திய வாத்தியக் குழு, ஓரத்தில் சிந்தசைசர். அவசரமில்லாமல் விரியும் மெட்டுகள். இதற்கு நியூ ஏஜ் என்று பெயர் வைத்து, கிராமி விருதில் 1987 முதல் தனிப் பிரிவும் கொடுத்துவிட்டார்கள். பெயர்தான் புதிது. சிதாருக்கென்றே எழுதிய கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் முழுக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ரவிசங்கர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு மேடையேற்றியது 1971இல்.

ஹெட்போனில் இந்த இசை தேன். மேடையில் அது பத்து விஷயம் ஒன்றாகச் சரியாக வந்தால்தான் தேறும். சிங்கப்பூரில் இதைக் கேட்கப் பலரும் முதலில் போவது மரினா பேயில் டுரியான் பழம்போல் முள் கூரை போட்ட எஸ்பிளனேடுக்கு என்பதால், அதன் இசையரங்கம் இந்த வகைக் கச்சேரிக்கு எவ்வளவு தோதானது என்பதை இங்கே பார்ப்போம். கர்நாடகக் கச்சேரிக்கோ தனிச் சிம்பொனிக்கோ இதே மதிப்பீடு பொருந்தாது.

2002 அக்டோபரில் திறந்த அரங்கம். ஒலியமைப்பு, ஆர்டெக் நிறுவனத்தின் ரஸ்ஸல் ஜான்சன் கைவண்ணம். நான்கு அடுக்குகளில் சுமார் 1,600 இருக்கைகள், மேடைக்குப் பின்னால் கோரஸ் பாடகர்களுக்கான இடத்தில் இன்னும் 200. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய விதானம், சுவரைச் சுற்றித் திறந்து மூடும் எதிரொலி அறைகள், இழுத்துவிடத் திரைகள் எல்லாம் உண்டு. பின்சுவரில் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த 4,740 குழாய் ஆர்கன். மைக் இல்லாத இசைக்காகக் கட்டிய இடம் இது. மேடையில் ஒரு செல்லோ மெல்லத் தொட்டாலும் மூன்றாம் அடுக்கில் கேட்கும்.

சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. வீணைக்கு மைக் இல்லாமல் அறுபது பேர் முன்னால் வாய் திறக்க முடியாது. மைக் வைத்தால் ஸ்பீக்கர் வரும். ஸ்பீக்கர் ஒலி, எதிரொலிக்காகவே கட்டிய அறைக்குள் போகும். சிம்பொனிக்கு ஏற்ற எதிரொலி நேரம், அதாவது ஓர் ஒலி அடங்க எடுக்கும் நேரம், ஏறக்குறைய 2 விநாடி. மிருதங்கம் நிமிடத்துக்கு 80 அட்சர (தாள எண்ணிக்கை) வேகத்தில், அட்சரத்துக்கு 8 சொல் (அடி) வாசிக்கிறது என்று வையுங்கள். விநாடிக்குப் பத்துக்கும் மேல் சொற்கள். ஒரு சொல் அடங்கும் முன் அதன் தலையில் இருபது சொல் விழுந்திருக்கும். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கூழாகிவிடும். கேட்பவர் மிருதங்கக்காரரைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

மருந்தும் இதே அரங்கில் இருக்கிறது: எதிரொலி அறைகளை மூடித் திரைகளை இறக்கிவிட வேண்டும். எதிரொலி கணிசமாகக் குறையும். ஆனால் அப்போது வயலின் கூட்டம் வறண்டுபோகும். அந்த ஈரத்தைச் செயற்கை எதிரொலியாக ஒலி மிக்சரில் திரும்பக் கலக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாதித் திரையோடு நின்றுவிடும் குழுக்கள் அதிகம், பலன் அரைகுறைதான். இதைவிட நல்ல வழி நிகழ்ச்சி வரிசையிலேயே இருக்கிறது. மைக் தேவைப்படாத உருப்படிகளை முதல் பாதியில் வைத்து, இடைவேளை 20 நிமிடத்தில் திரையை இறக்கி, மிருதங்கமும் சிந்தசைசரும் வரும் உருப்படிகளை இரண்டாம் பாதிக்குத் தள்ளினால் இரண்டும் பிழைக்கும். இப்படி அமைத்த நிகழ்ச்சி கண்ணில் பட்டால் யோசிக்காமல் டிக்கெட் வாங்கலாம். யாரோ ஒலியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

இனி ஸ்ருதி. இந்த வகை இசையில் கெட்டுப்போவது பெரும்பாலும் தாளமல்ல, காந்தாரம், அதாவது 'க' சுரம். அடிப்படைச் சுரமான ஸா இரண்டு கட்டை, அதாவது மேற்கத்தியக் கணக்கில் டி. தம்புராவின் மந்திர (கீழ்) ஸா 146.8 ஹெர்ட்ஸ் என்றால், அந்தத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் 734 ஹெர்ட்ஸ். சிந்தசைசர் அதே இடத்தில் வாசிக்கும் எஃப் ஷார்ப்போ 740. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஆறு தடவை 'வவ்வவ்' என்று அலையடிக்கும். சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் வித்தியாசம் 14. மெதுவான இசையில் ஒரு சுரம் பத்து விநாடி நிற்கும், ஒளிந்துகொள்ள இடமில்லை. விவரம் தெரிந்த இசை அமைப்பாளர் அடித்தளத்தில் ஸாவும் பாவும் மட்டும் வைத்து, காந்தாரத்தைப் புல்லாங்குழலுக்கே விட்டுவிடுவார். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், காதுக்குத் தெரியாது. அதோடு, வாத்தியக் குழு தன் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் சேர்க்கிறதா 442இல் சேர்க்கிறதா என்பதை ஒத்திகைக்கு முன்பே கேட்டு வைக்காவிட்டால் இன்னொரு 8 சென்ட் இடறும். வீணைக்காரர் தந்தியை முறுக்கிக்கொள்வார். புல்லாங்குழல்காரர் வேறு குழல்தான் எடுக்க வேண்டும். ஆர்கனையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் எல்லாரும் அதன் ஸ்ருதிக்குத்தான் பணிய வேண்டும், அது யாருக்கும் பணியாது.

சிங்கப்பூர் வானிலை இதில் தனி வில்லன். வெளியே 31 டிகிரி, காற்றில் ஈரம் சொட்டும். உள்ளே குளிர்சாதனம். காற்று வாத்தியங்களில் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஸ்ருதி சுமார் 3 சென்ட் மாறும். பத்து நிமிடம் மடியில் சும்மா கிடந்து குளிர்ந்த குழல், எடுத்தவுடன் தாழ்ந்தே பேசும். தன் பகுதி வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு, ஒலி வராமல் குழலுக்குள் ஊதிச் சூடேற்றுகிறாரா என்று பாருங்கள், அனுபவம் அதிலேயே தெரியும். மிருதங்கத்தின் கதை நேரெதிர். ஈரத்தில் தளர்ந்து வந்த தோல், குளிர்சாதனக் காற்றில் காய்ந்து இறுகி, முதல் அரை மணி நேரத்தில் மேலே ஏறிக்கொண்டே போகும். கல்லும் கட்டையும் கையுமாக ஒவ்வொரு உருப்படிக்கு நடுவிலும் தட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தும் கம்பிகளும், மெழுகில் உட்கார்ந்திருப்பவை. வெயிலில் நின்ற டாக்சியின் டிக்கியில் வந்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், மேடையில் எதைச் செய்தாலும் சரிவராது. வாத்தியங்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே மேடைக்கு வந்து அந்தக் குளிருக்குப் பழக வேண்டும். ஒத்திகை நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டாளர்கள் முதலில் வெட்டுவது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான்.

கட்டை மாறும் நிகழ்ச்சியில் இன்னொரு தொல்லை. டியிலிருந்து எஃபுக்கு, அதாவது இரண்டிலிருந்து நான்கு கட்டைக்குப் போனால் அதே மிருதங்கத்தை இழுத்துப் பிடிக்க முடியாது, வேறு மிருதங்கம் வேண்டும். மைக்கும் அதற்கேற்ப நகர வேண்டும். திட்டமிடாத மேடையில் இந்த மாற்றத்துக்கு நான்கு நிமிடம் போய்விடும். அந்த நேரத்தை நிரப்ப அறிவிப்பாளர் வந்து பேசுவார், அதுவரை கட்டிய மனநிலை கலைந்து போகும்.

தாளத்துக்கு வருவோம். ஆதி தாளம் நாலு நாலாக எழுதினால் வாத்தியக் குழுவுக்குப் புரியும். மிஸ்ர சாப்பை மூன்றும் நான்குமாகப் பிரித்துக் காட்டிவிட்டால் அதுவும் வரும். தொல்லை தூரத்தில். ஒலி 10 மீட்டர் கடக்க 29 மில்லி விநாடி ஆகும். மிருதங்கம் நடத்துநரின் இடது கைப்பக்கம், பெரிய முரசான டிம்பனி கடைசி வரிசை என்றால், கோர்வை (முடிப்புக் கணக்கு) முடிந்து எல்லாரும் சேர்ந்து ஸமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) விழ வேண்டிய இடத்தில் 'தாம்' ஒன்றாகவும் 'டும்' அதன் வாலாகவும் கேட்கும். நடத்துநரின் கோலைப் பார்த்து வாசிப்பவர்களும் காதால் கேட்டு வாசிப்பவர்களும் ஒரே மேடையில் இருந்தால் இது நடக்கும். முன்கூட்டியே பதிவு செய்த சிந்தசைசர் இசை ஓடும் உருப்படிகளில் காதுக்குள் தாளம் காட்டும் கிளிக் ஒலி கொடுத்துச் சமாளிக்கிறார்கள். நேரம் பிசகாது, ஆனால் வீணைக்காரர் ஒரு கமகத்தை (சுர அசைவை) இழுத்து நிறுத்த நினைத்தாலும் கிளிக் காத்திருக்காது. ஆலாபனைப் பகுதியில் கிளிக்கை நிறுத்திவிட்டு, நடத்துநர் கண்ணால் பார்த்து அடுத்த பகுதியைத் தொடங்கும் ஏற்பாடே மேல். அதற்கு வீணைக்காரர் ஒன்றரை அடி உயர மேடையிலாவது உட்கார வேண்டும். தரையில் உட்கார வைத்தால் நோட்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவில் அவர் முகமே தெரியாது.

இருக்கை விஷயம். கீழ்த்தளத்தில் முதல் சில வரிசைகள் விலையும் கூட, பலனும் குறைவு. பெரிய ஸ்பீக்கர் ஒலி தலைக்கு மேலே போய்விடும், முதல் வயலின்கள் மட்டும் காதருகே கேட்கும். வீணை எங்கோ இருக்கும். மேடை விளிம்பில் சிறு ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் பரவாயில்லை. பாதுகாப்பான இடம், மிக்சர் மேசை போட்டிருக்கும் வரிசைக்கு இரண்டு மூன்று வரிசை முன்னால், நடுவில். ஒலிப்பொறியாளர் காதுக்குக் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். எங்கள் முதல் தேர்வு முதல் அடுக்கின் முன்வரிசை. குழுவின் ஒலி திரண்டு வரும், வீணையின் இடது கை தந்தியை இழுப்பதும் தெரியும். பக்கவாட்டு இருக்கைகளில் ஒரு பக்க ஸ்பீக்கர்தான் ஓங்கிக் கேட்கும். மேல் அடுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில் கடைசி வரிசைகளைத் தவிர்க்கலாம். மேடைக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் சிம்பொனிக்கு அருமை, நடத்துநர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த இசைக்கு வேண்டாம். ஸ்பீக்கர்கள் உங்களுக்கு முதுகு காட்டி நிற்கும், எக்காளமும் டிம்பனியும் மட்டும் கிடைக்கும்.

வீணையின் ஒலி உயரும்போதெல்லாம் எக்காளமும் கூடவே உயர்ந்தால், வீணை மைக் பின்வரிசையையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். வீணையின் உடலில் ஒட்டி அதிர்வை எடுக்கும் பிக்கப் மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நாதம் தகர டப்பா. இரண்டையும் கலந்து, பெரும்பங்கு பிக்கப்புக்கும், இயல்பான நாதத்துக்காகக் கொஞ்சம் மைக்குக்கும் கொடுப்பவரே கை தேர்ந்தவர்.

டிக்கெட் எடுக்கும் முன் சுவரொட்டியை உன்னிப்பாகப் படிப்பது நல்லது. தமிழில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வீட்டு மெல்லிசைக் குழு என்றும் அர்த்தம். 'சிம்பொனி' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பன்னிரண்டு வயலினும் மீதிக்கு கீபோர்டும் வைக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. வாத்தியக் குழுவின் பெயர், நடத்துநரின் பெயர், இசைக்கோர்வை எழுதியவர் பெயர் மூன்றும் இருந்தால் நம்பலாம். தனி வாத்தியக்காரரின் படம் மட்டும் பெரிதாக இருந்தால் விசாரியுங்கள்.

இதே கலவையை வேறு கையால் சமைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஷென்டன் வேயில் சிங்கப்பூர் சீன இசைக்குழுவைக் கேட்கலாம். அங்கே எர்ஹூவும் சீனத் தந்தி வாத்தியமான பிபாவும்தான் குழுவே, அடித்தளத்துக்கு மட்டும் செல்லோவும் டபுள் பேஸும். கிழக்கு விருந்தாளியாக வராமல் வீட்டுக்காரராக இருப்பதால் சமநிலை வேறு மாதிரி. நம் பக்கத்தில் மக்கள் கழகத்தின் சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவும் பாடகர் குழுவும் 1985 முதல் இருக்கின்றன. வீணை, வயலின், புல்லாங்குழலைக் கூட்டாக எழுதி வாசிப்பது எப்படி என்பதற்கு நல்ல பாடம். நவம்பரில் எஸ்பிளனேடின் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் வரும்போது இந்தக் கலப்பு முயற்சிகளும் தலைகாட்டும், சிலவற்றுக்கு டிக்கெட்டே வேண்டாம்.

சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து சிட்டிலிங்க் சுரங்க நடைவழியே வந்தால் மழையில் நனையாமல் வாசலுக்கு வரலாம். பதினைந்து நிமிடம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வருபவர்களை உருப்படி முடிந்த பிறகே உள்ளே விடுவார்கள், இந்த இசையில் ஓர் உருப்படி இருபது நிமிடம் கூடப் போகும். மேல் அடுக்கென்றால் ஒரு சால்வையும் இருக்கட்டும்.