விலை குறைந்தது சரி, போச்சம்பள்ளியைத் தேடித் தருமா?

ஏஐ ஏஜென்ட் என்பது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ மென்பொருள். அது செய்ததெல்லாம் பதிவாகும் ஆடிட் லாகில் தேடித் தரும் ஒரு கருவிக்கு இந்த மாதம் விலையைக் குறைத்துவிட்டார்கள். அதிலிருந்து, பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் நண்பன், "நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே, வாங்கலாமாடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். போனில் பேசினால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதிவிடுகிறேன். கருவியின் பெயர் வேண்டாம்.

எங்களுக்குக் கிருஷ்ணகிரியில் மாங்கூழ்த் தொழில். சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் லோடு வரும். எடைச்சீட்டு போட்டோவைப் படிப்பது, அன்றைய ரேட்டைப் போட்டு பில் தயாரிப்பது, விவசாயிக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்புவது எல்லாம் ஏஜென்ட்தான். அது எந்த டூலை (சீட்டைப் படிக்க, ரேட் பார்க்க என்று அது பயன்படுத்தும் சின்ன புரோகிராம்) என்ன விவரம் கொடுத்துக் கூப்பிட்டது, என்ன பதில் வந்தது என்று ஒவ்வொன்றும் லாகில் விழும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெங்களூரா ரக மாங்காய் லோடு, ராத்திரி இரண்டரை மணிக்கு எடை போட்டது. நள்ளிரவு தாண்டினால் புது ரேட், அன்று ஏறியிருந்தது. ஆனால் பில் பழைய ரேட்டில் போயிருந்தது. காலையில் வந்த விவசாயி, "ஊருக்கெல்லாம் ஒரு ரேட்டு, எனக்கு மட்டும் ஒரு ரேட்டா சார்?" என்று நின்றார். ஏஜென்ட்டையே கேட்டோம். இன்றைய ரேட்தான் போட்டேன் என்று வெகு பவ்யமாகப் பதில் சொன்னது. சீட்டு நம்பரைப் போட்டு லாகில் தேடினால் நடந்தது முழுவதும் வரிசையாக வந்து நின்றது. சீட்டைப் படித்திருக்கிறது, எடை சரி. ரேட் பட்டியலைக் கேட்டிருக்கிறது, கொடுத்த தேதி முந்தின நாள்! சர்வர் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நமக்கு அதிகாலை 2.30 என்றால் அதற்கு முந்தின நாள் இரவு 9 மணிதான். அதன் கணக்கில் அதுதான் இன்று. செய்ததைப் பற்றி ஏஜென்ட் சொல்லும் விளக்கமும் அது புதிதாக எழுதும் இன்னொரு வாசகம்தான். செய்தது என்ன என்பது லாகில்தான் இருக்கிறது. ஸ்கிரீனைத் திருப்பி அவரிடமே காட்டினோம். வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அன்று ஒரு நாளிலேயே அந்தக் கருவி தன் காசைச் சம்பாதித்துவிட்டது.

இனி என் வயிற்றெரிச்சல். அன்று ஏன் சீட்டு நம்பரைப் போட்டுத் தேடினேன்? ஊர்ப் பெயர் போட்டால் வராது. பர்கூர் வரும், சூளகிரி வரும், காவேரிப்பட்டணம் வரும். போச்சம்பள்ளி வராது. லாகில் கண்ணெதிரே இருக்கும். தேடினால் "முடிவுகள் இல்லை". 'போ' என்ற எழுத்தின் ஓகாரத்தை யூனிகோடில் (கணினியில் எழுத்துக்கெல்லாம் குறியெண் கொடுக்கும் பொதுத் தரம்) ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரமே சொல்கிறது. தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர என்எஃப்சி என்று ஒரு முறையும் உண்டு. புரோகிராமருக்கு ஒரு வரி வேலை. இந்தக் கருவியில் அதைச் செய்யவில்லை. எங்கள் விவசாயிகள் பட்டியல் பழைய ஃபாண்டிலிருந்து மாற்றியது, அதில் எல்லாம் இரண்டு துண்டு. கீபோர்டில் அடித்தால் ஒரே துண்டு. ஆக இந்தக் கருவியைக் கேட்டால் கோவிந்தசாமி, பொன்னம்மாள், கௌரி யாருமே எங்களுக்கு மாங்காய் போட்டதில்லை!

கடையில் தேடிச் சட்டை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. ஆடிட்டில் "இல்லை" என்று வந்தால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றுதான் ஆடிட்டர் எடுத்துக்கொள்வார்.

உதவிப் பக்கத்தில் "எந்த மொழியிலும் தேடலாம்" என்று போட்டிருக்கிறார்கள். தேதி, டூல் பெயர் வைத்து வடிகட்டும் உதாரணங்கள் அருமை, எல்லாம் இங்கிலீஷில். இரண்டு வடிவத்தின் குறியெண்களையும் போட்டுப் புகார் கொடுத்தேன். கருவி சரியாகவே இயங்குகிறது என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். அப்புறம் நானே ஒரு தாளில் எழுதி ஆபீஸ் மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன்: "போச்சம்பள்ளிக்குச் 'சம்பள்ளி' என்று அடிக்கவும்." சம்பளம் கொடுத்து ஆள் வைத்து, ஊரின் தலையை வெட்டித் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மற்றபடி, ஒவ்வொரு பதிவும் முந்தின பதிவின் ஹேஷை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியைச் சுமந்துகொண்டு வருவதால் நடுவில் யாராவது கைவைத்தால் தெரிந்துவிடும். ஆடிட்டருக்கு அது ரொம்பப் பிடித்தது. அடிப்படைத் திட்டத்தில் லாக் 30 நாள்தான் இருக்கும். மாங்காய் ஜூலையோடு முடியும், கணக்குத் தகராறு தீபாவளிக்குத்தான் வரும். அதிக நாள் வைக்கத் தனிக் காசு; குறைந்த விலையில் அது சேர்த்தி இல்லை.

நண்பா, உன் பட்டியலும் அந்தக் காலத்து ஃபாண்டில் அடித்ததுதானே? பாலக்கோடு, ராயக்கோட்டை, பொம்மிடி, தொப்பூர் என்று உனக்குச் சரக்கு வருகிற ஊர் எல்லாம் கொம்பும் காலும். வாங்காதே. நான் போன வாரம் புதுப்பித்துவிட்டேன், அது ஏன் என்று போன் போட்டுக் கேட்காதே.