சிகிரியாவா, பிதுரங்கலையா?

இலங்கையின் தம்புள்ளைப் பக்கம் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. இரண்டு பாறைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

சிகிரியா 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் எழுப்பிய கோட்டை. சுமார் 1,200 படிகள். பாதி வழியில் சுவரோவியப் பெண்கள் (படம் எடுக்க விடமாட்டார்கள்), அப்புறம் கண்ணாடிபோல் மின்ன மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவர்’. அந்தக் காலத்துப் பயணிகள் அதில் கிறுக்கிவிட்டுப் போன கவிதைகள் இன்னும் இருக்கின்றன. பெரிய சிங்கச் சிலையின் இரு பாதங்களுக்கு நடுவே புகுந்து ஏறினால் உச்சியில் அரண்மனையின் அடித்தளமும் குளமும். வெளிநாட்டவருக்கான கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

பிதுரங்கலையில் செலவு மிகக் குறைவு. அடிவாரத்தில் விகாரை என்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செங்கல்லால் ஆன சயன புத்தரைத் தாண்டியதும் படிகள் முடிந்துவிடும். மிச்சத்தைப் பாறை இடுக்குகளில் கையூன்றித்தான் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது சரிப்படாது, மழை பெய்திருந்தால் யாருக்குமே சரிப்படாது. ஆனால் விடியற்காலையில் சிகிரியா முழுசாகக் கண்ணெதிரே நிற்கும். சிகிரியா மேலேயே நின்றால் சிகிரியா தெரியாதே!

வரலாறு பிடிக்குமென்றால் செலவைப் பார்க்காமல் சிகிரியா. என்னைக் கேட்டால் பிதுரங்கலைதான், கையில் ஒரு டார்ச்சோடு.