வீட்டு வேலைக்கு ஷெட்யூல்: பார் சார்ட்டா, சிபிஎம்மா, பெர்ட்டா?

வீடு கட்ட ஷெட்யூல் கேட்டா பெரும்பாலும் எக்செல்ல கலர் கலரா பட்டை போட்டு பார் சார்ட் ஒண்ண கொடுத்துடுறாங்க, கான்ட் சார்ட்னு சொல்றது இதத்தான். மேஸ்திரிகிட்ட காட்டினா உடனே புரியும், எந்த வாரம் யார் வரணும்னு சைட்டுல ஒட்டி வச்சிக்கலாம். ஆனா ஒரு வேலை தள்ளிப்போனா கூடவே எதெல்லாம் தள்ளும்? அது வெறும் பட்டையில தெரியாது. பட்டைக்குப் பட்டை கோடு இழுத்து இணைச்சிருந்தா தெரியும், முக்கால்வாசிப் பேர் இழுக்கறதில்ல.

இந்த எடத்துலதான் சிபிஎம், அதாவது கிரிட்டிக்கல் பாத் மெத்தட், ரொம்பவே மேல. டூபாண்ட் கம்பெனி 1957 வாக்குல தன்னோட கெமிக்கல் பிளான்ட் வேலைகளுக்காக கொண்டுவந்தது. எது முடிஞ்சா எது ஆரம்பிக்கலாம்னு மொதல்ல எழுதணும், தேதியெல்லாம் அப்புறம்தான். ரூஃப் போட்டு முட்டு பிரிச்ச வீடு ஒண்ண எடுத்துக்கோங்க. பிளம்பர் காடி வெட்டி பைப் பதிக்க 8 நாள், எலெக்ட்ரிஷியனுக்கு 6 நாள், ரெண்டும் சேர்ந்தே நடக்கலாம், ஆனா ரெண்டும் முடிஞ்சாத்தான் பூச்சு, அதுக்கு 15 நாள், அப்புறம் டைல்ஸ் 12, பெயின்ட் 10. நீளமான பாதை 8+15+12+10, ஆக 45 நாள். எலெக்ட்ரிஷியன் 2 நாள் லேட்டா வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, பிளம்பர் ஒரு நாள் லேட்டானா மொத்த வீடும் ஒரு நாள் தள்ளும். செப்டிக் டேங்க் தனியா 12 நாள் வேலை, அதுக்கு 33 நாள் ஸ்லாக் இருக்கு, அதாவது அத்தன நாள் தள்ளிப்போனாலும் மொத்த வேலை தள்ளாது. காலையில மொத போன் யாருக்குப் போடணும்னு இப்ப தெளிவா தெரியுதுல்ல? நம்ம ஊர்ல கிரகப்பிரவேச தேதிய முன்னாடியே குறிச்சிடுவோம், அதுலேர்ந்து பின்னோக்கி எண்ணிட்டு வந்தா ஒவ்வொரு வேலையும் எந்த நாளுக்குள்ள ஆரம்பிச்சே ஆகணும்னு கிடைச்சிடும்.

இன்னொண்ணு, காத்திருக்கிற நாளையும் ஒரு வேலையா எழுதுங்க. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி, சாதாரண சிமெண்ட்டுக்கு 4.5 மீட்டர் வரைக்கும் ஸ்பான் (தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரம்) உள்ள ஸ்லாப்ல, அதைத் தாங்கி நிக்கிற முட்டு குறைஞ்சது 7 நாள் நிக்கணும், அதுக்கு மேலன்னா 14 நாள். அப்ப அந்த முட்டுக்குக் கீழ ஆளே இருக்க மாட்டாங்க, அதனாலயே பார் சார்ட்டுல இது விட்டுப்போயிடுது, அவசரத்துல யாராவது முட்டப் பிரிச்சா ஆபத்து.

பெர்ட், அதாவது எத்தன நாள் ஆகும்னு உறுதியாத் தெரியாத வேலைக்கு நாள் கணிக்கிற முறை, 1958ல அமெரிக்க கடற்படையோட போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்தது. யாருமே முன்ன செஞ்சிராத வேலை, எத்தன நாள்னு அடிச்சு சொல்ல ஆள் இல்ல, அதனால மூணு கணக்கு: சீக்கிரம், வழக்கம், ரொம்ப லேட். பிளான் அப்ரூவலுக்கு 15, 30, 75 நாள்னு வச்சா வழக்கத்த 4ஆல பெருக்கி மத்ததக் கூட்டி 6ஆல வகுக்கணும், 35 நாள் வரும். பூச்சு வேலைக்கெல்லாம் இது வேணாம், இத்தன சதுர அடிக்கு இத்தன நாள்னு கொத்தனாரே சொல்லிடுவார். அப்ரூவல், போர்வெல், ஈபி கனெக்ஷன் மாதிரி நம்ம கையில இல்லாததுக்கு மட்டும் போட்டா போதும்.

என்னக் கேட்டா சிபிஎம்ல கணக்கு போட்டு முடிச்சுட்டு, அதையே பார் சார்ட்டா வரைஞ்சு, அந்த 45 நாள் பாதையில இருக்கிற பட்டைய மட்டும் சிவப்பு கலர்ல அடிச்சு சைட்டுல ஒட்டுங்க.