அல்சூர், சிவாஜிநகர் மிக்சி–குக்கர் ஸ்பேர் கடைகள்: எதற்குப் போகணும், எதற்கு ஆன்லைன் போதும்

மோட்டார் உறுமுகிறது, ஜாருக்குள் பிளேடு அசையவில்லை. இப்படி ஆனால் பெரும்பாலும் மிக்சி கெடவில்லை, கப்ளர்தான் மொட்டையாகிவிட்டது. ஜாரின் அடியையும் மோட்டார் தண்டையும் கோர்க்கும் பல் வைத்த சின்ன வில்லை அது. விலை நூறு ரூபாய்க்குள்தான். உள்ளே தேங்காய்ச் சில்லோ விரலி மஞ்சளோ சிக்கி பிளேடு நின்றுவிட்டால், மோட்டார் எரியாமலிருக்க முதலில் உடைய வேண்டியது இந்தக் கப்ளர். அதற்காகத்தான் அதை ரப்பரிலோ நைலானிலோ செய்கிறார்கள்.

இந்தச் சின்னப் பொருளை ஆன்லைனில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் ஸ்பேர் கடையின் அருமை தெரியும். பெங்களூரில் அல்சூர் பஜார் பக்கம், சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்கள், ஸ்ரீராமபுரம் என்று தமிழ் புழங்கும் பேட்டைகளில் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆறடி அகலக் கடை, கூரை வரைக்கும் டப்பாக்கள், கம்பியில் கொத்துக் கொத்தாகக் கேஸ்கட். இந்த மதிப்புரை ஒரு கடையைப் பற்றியதல்ல, இந்த வகைக் கடை செய்யும் வேலையைப் பற்றியது.

ஆன்லைனில் பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடினால் கப்ளர் வருகிறது. ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே பல் எண்ணிக்கை, வெளி விட்டம், மரை, உயரம் நான்கும் மாறலாம். படத்தில் பல்லை எண்ணிவிடலாம், உயரத்தைப் பார்க்க முடியாது. இரண்டு மில்லிமீட்டர் உயரம் கூடினால் ஜார் பூட்டிக்கொள்ளாது. குறைந்தால் ஜார் நன்றாகவே உட்காரும், ஆனால் பல்லின் நுனி மட்டும் கவ்வும். சில வாரத்தில் மறுபடி மொட்டை. கடையில் பழைய கப்ளரைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, புதியதை அதன் பக்கத்தில் நிறுத்தி, விரல் நகத்தால் இரண்டின் உச்சியையும் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கூடவே ஜாரின் அடியில் இருக்கும் ஜோடியையும் திருப்பிப் பார்ப்பார்கள். மேலே தேய்ந்த பல்லை விட்டுவிட்டுக் கீழே மட்டும் புதிது போட்டால், பழையது புதியதைத் தின்றுவிடும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

வீட்டிலேயே கழற்றுகிறவர்களுக்கு ஒன்று. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரும்பாலான மிக்சிகளில் மோட்டார் கப்ளர் இடம்புரி மரை. வழக்கமான போல்ட்டைப் போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையை அழித்துவிட்டால், கப்ளர் வேலை ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பாகம்) வேலையாகிவிடும்.

இந்தக் கடைகள் உண்மையில் பேர் வாங்குவது ஜார் வேலையில். ஜாரின் அடியில் கறுப்பாக எண்ணெய்த் தண்ணி கசிகிறது என்று கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் ஜாரைக் கவிழ்ப்பதில்லை. உள்ளே கையை விட்டுப் பிளேடை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறார். லேசாக ஆடினாலே விஷயம் முடிந்தது. "அக்கா, பிளேடு நல்லாத்தான் இருக்கு, புஷ் போயிடுச்சு" என்பார். அதாவது, தண்டைத் தாங்கும் உலோகக் குழாய் தேய்ந்து, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. பிளேடைக் கழற்றி, தண்டை உருவி, பழைய புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்து, புதியதை நேராக இறக்கி, வாஷர் மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தண்டு கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்கிறார். கடைசியில் ஜாரில் தண்ணீர் ஊற்றிப் பழைய செய்தித்தாள் மேல் வைத்துவிடுகிறார். பத்து நிமிஷம் கழித்துத் தாள் நனையாமல் இருந்தால்தான் காசு. இந்தப் பத்து நிமிஷத்தைச் செய்யாத கடைக்குப் போகாதீர்கள். புஷ் கேட்கும்போது கன்மெட்டல் (செம்பில் வெள்ளீயம் கலந்த உலோகம்) புஷ் என்று சொல்லிக் கேளுங்கள். மலிவானது சீக்கிரம் தேயும்.

கசிவைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தக் கறுப்புத் தண்ணி சட்னியில் கலப்பது ஒரு பக்கம் இருக்க, தண்டு வழியே இறங்கி மோட்டாரின் மேற்பக்கப் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். சின்னச் செலவில் முடிய வேண்டியது மோட்டார் விலையில் போய் நிற்பது இப்படித்தான். ஆன்லைனில் இதற்கு வழியே இல்லை. அங்கே பெரும்பாலும் கிடைப்பது முழு ஜார். பிளேடும் பாத்திரமும் நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கிப் போடுவதற்கு மனசு வரவில்லை.

குக்கருக்கு வருவோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் இந்த ஊரில் குக்கர் இல்லாமல் சமையல் சீக்கிரம் முடியாது. விசில் வரத் தாமதம், மூடி ஓரத்தில் ஆவி, அடுப்பில் கஞ்சி வழிதல் என்றால் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். கடைக்குப் பழைய கேஸ்கட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், மூடியையும் எடுத்துப் போங்கள். தேய்ந்த கேஸ்கட் நீண்டு தளர்ந்திருக்கும், அதை அளவாக வைத்தால் புதியது பெரிதாகிவிடும். மூடி உள்ளே பூட்டும் ரகமா, வெளியே பூட்டும் ரகமா என்பதிலேயே கேஸ்கட்டின் வடிவம் வேறு. நல்ல கடைக்காரர் மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பார். கீழே விழுந்து விளிம்பு நெளிந்திருந்தால் எந்தக் கேஸ்கட் போட்டாலும் ஆவி போகும் என்று சொல்லி, விற்காமலே அனுப்பிவிடுவார்.

வெயிட்டில் மட்டும் சமரசம் கூடாது. எடை குறைந்த வெயிட் போட்டால் விசில் சீக்கிரம் வரும், பருப்பு வேகாது. கூடின வெயிட் போட்டால் குக்கர் தாங்க வேண்டியதை விட உள்ளே அழுத்தம் ஏறும். எல்லா குக்கருக்கும் பொருந்தும் என்று இணையத்தில் விற்கும் வெயிட்டை வாங்கவே வாங்காதீர்கள். சேஃப்டி வால்வும் அப்படித்தான். அதற்குள் இருப்பது குறிப்பிட்ட சூட்டில் உருகும் உலோகம், அந்தக் கம்பெனியுடையதை மட்டுமே போட வேண்டும். வால்வு உருகியிருந்தால் புதிதை மாட்டுவதோடு நிறுத்தாமல், ஏன் உருகியது என்று பாருங்கள். தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத்தோல் அடைத்திருக்கும்.

குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். அப்படியிருந்தும் அந்த முத்திரை இல்லாத 2,265 குக்கர்கள் ஒரு பெரிய இணையத் தளத்தில் விற்றுப்போயிருந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றைத் திரும்பப் பெறச் சொல்லி ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. தெருக்கடையில் டூப்ளிகேட் இல்லையென்று சொல்லவில்லை, இருக்கிறது. கம்பெனி கவரைப் போலவே அச்சடித்து, எழுத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். "ஒரிஜினலா, லோக்கலா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டையும் எடுத்து வைத்து விலை சொல்லிவிடுகிறார்கள். கேட்காமல் இருந்தால் எது வரும் என்பது கடையைப் பொறுத்தது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பல இடத்தில் பில் கிடையாது. மோட்டார் வேலை என்றால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள். "நாளைக்கு வாங்க" என்பது மூன்று நாளாகும். வாரண்டி இருக்கும் மிக்சியை இங்கே திறக்கவே விடாதீர்கள், கம்பெனி சர்வீஸ் கைவிரித்துவிடும். கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கரித்துண்டு), புதுக் குக்கர், மாடல் எண் தெளிவாகத் தெரிந்த முழு ஜார் இவற்றுக்கு ஆன்லைன் தாராளமாகப் போதும். பிரஷ்ஷை மட்டும் ஜோடியாக மாற்றுங்கள். ஜார் போடாமல் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு அரையுங்கள், அப்போதுதான் பிரஷ்ஷின் முனை அது உரசும் பாகத்தின் வளைவுக்குப் படியும்.

கிரைண்டரை யாரும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உளுந்து கெட்டியாகும்போது மட்டும் டிரம் தயங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கிறது, கையால் டிரம்மைத் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. குழவி கடகடவென்று ஆடினால் அதனுள்ளே இருக்கும் புஷ்.

இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருவதற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது. ஒரு கேஸ்கட்டில் கிடைக்கும் லாபத்தில் வாடகை கட்ட முடியாது. பண்டிகைத் தள்ளுபடியில் புது மிக்சி வீட்டு வாசலுக்கு வரும்போது பழைய ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போவோர் குறைவு. வேலை கற்றுக்கொள்ளப் பையன்களும் வருவதில்லை. கேஸ்கட் தொங்கிய கம்பியில் இப்போது இயர்போனும் மொபைல் கவரும் சேர்ந்து தொங்குகின்றன. மாதக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் பழைய மாடல் ஸ்பேருக்கு யாரும் மறுபடி ஆர்டர் போடுவதில்லை. இருக்கிற டப்பா காலியானால் அவ்வளவுதான். உங்கள் மிக்சி பத்து வருஷத்துக்கு மேல் ஆனதாக இருந்தால், அடுத்த முறை போகும்போது கப்ளர் இரண்டு ஜோடி, ஜார் வாஷர் நாலு வாங்கிவிடுங்கள். வாஷரை வெயில் படாத டப்பாவில் வையுங்கள், சூட்டில் ரப்பர் இறுகிவிடும்.